கேஸ் டர்பைன் நின்றால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மின் நிலையத்தில் கேஸ் டர்பைன் ஒன்று லோடில் ஓடும்போது டிரிப் ஆகிவிட்டால், அதாவது பாதுகாப்பு அமைப்பு அதைத் திடீரென நிறுத்திவிட்டால், அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் எத்தனை மணிக்குத் திரும்ப எடுப்பீர்கள் என்றுதான் கேட்கும். ஏன் நின்றது என்று கேட்க ஆளிருக்காது. அந்த அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. ஃபிரேம் வகை டர்பைன்களின் பராமரிப்புக் கணக்கில், முழு லோடில் நிகழும் ஒரு டிரிப், லோடை முறையாகக் குறைத்து நிறுத்திய 8 ஸ்டார்ட்களுக்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வாயுவில் நின்ற நாசில்களும் (வாயுவைத் திருப்பிவிடும் அசையாத இறக்கைகள்) சுழலும் பிளேடுகளும் ஒரே கணத்தில் எரிபொருளை இழந்து கம்ப்ரசர் காற்றில் குளிர்வதுதான் இதற்குக் காரணம். காரணம் தெரியாமல் மறுபடி ஓட்டி, அதே காரணத்தால் அன்றைக்கே இன்னொரு முறை முழு லோடில் டிரிப் ஆக விட்டால், ஒரு நாளில் 16 ஸ்டார்ட்களின் ஆயுள் கரைந்துவிடும்.

இங்கே எழுதியிருப்பது, சுற்றிலும் தனித்தனி எரிகலன்கள், அதாவது கேன்கள் கொண்ட கனரக ஃபிரேம் வகை டர்பைன்களுக்குப் பொருந்தும். ஃபிரேம் 6 பி வகையில் 10 கேன்களும் ஃபிரேம் 9 இ வகையில் 14 கேன்களும் இருக்கும். எரிபொருள் இயற்கை எரிவாயுவாகவோ, டீசல் அல்லது நாப்தாவாகவோ இருக்கலாம். தமிழ்நாட்டில் நாப்தாவுக்கென்று கட்டப்பட்ட 120 மெகாவாட் பேசின் பிரிட்ஜ் நிலையத்துக்கும், காவிரிப் படுகை எரிவாயுவை நம்பியுள்ள குத்தாலம், திருமாக்கோட்டை, வழுதூர் நிலையங்களுக்கும் பொதுவான சூழல் ஒன்று உண்டு: கடல் வெகு தூரத்தில் இல்லை, மே மாதம் 40 டிகிரியைத் தொடும், ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரத் துணிபோல இருக்கும். கீழே வரும் பல கோளாறுகள் இந்தச் சூழலோடு சேர்ந்தே வருபவை.

## ரீசெட் பொத்தானைத் தொடும் முன்

முதலில் வந்த அலாரம் எது என்பதைப் பதிவிலிருந்து சேமித்துக்கொள்ள வேண்டும். டிரிப்புக்குப் பின் ஒரே நொடிக்குள் முப்பது நாற்பது அலாரங்கள் வரிசையாக விழும்; அவற்றில் முதல் ஒன்றோ இரண்டோதான் காரணம், மற்றவை விளைவுகள். லியூப் ஆயில் அழுத்தம் குறைந்தது என்ற அலாரம் பட்டியலில் இருப்பதைப் பார்த்து ஆயில் பம்பைப் பிரிக்கப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அது மெஷின் வேகம் குறைந்து, ஷாஃப்டால் ஓடும் பிரதான பம்பின் அழுத்தம் இயல்பாக விழுந்தபோது வந்த அலாரம். மில்லி நொடி வரை நேரம் காட்டும் பட்டியலையும், டிரிப்புக்கு முந்தைய பத்து நிமிட டிரெண்டையும் (அளவுகள் நேரத்தோடு மாறியதைக் காட்டும் வரைபடம்) எடுத்து வைத்த பிறகே மாஸ்டர் ரீசெட் கொடுக்க வேண்டும்.

டர்பைன் அறைக்குள் நுழைவதற்கு முன் தீயணைப்புக் கார்பன் டை ஆக்சைடு அமைப்பை முறைப்படி பூட்டி, பர்மிட் வாங்கி, வெளியே ஓர் ஆளை நிறுத்த வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது. அந்த வாயு பாய்ந்த அறையில் மூச்சுவிட நேரம் இருக்காது.

## அறிகுறி: ஸ்டார்ட் கொடுத்தும் மெஷின் சுழலவில்லை

பெரும்பாலும் இது மெஷினின் கோளாறே அல்ல. ஏதோ ஒரு லிமிட் சுவிட்ச் தன் வேலையைச் செய்யவில்லை என்பதுதான். ‘ஸ்டார்ட்டுக்குத் தயார்’ என்ற செய்தி திரையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதைத் தடுக்கும் நிபந்தனை எது என்பதை லாஜிக் பக்கத்தில் தேட வேண்டும். கம்ப்ரசர் காற்றில் ஒரு பகுதியை வெளியே விடும் பிளீட் வால்வு திறந்திருக்கும், ஆனால் திறந்திருப்பதைச் சொல்லும் சுவிட்சின் கை துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்குப் பின் இது அடிக்கடி நேர்கிறது. கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்து, திரையில் நிலை மாறுகிறதா என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டால் போதும்.

நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருந்தும் சுழலவில்லை என்றால், கிராங்கிங் மோட்டாரின் பிரேக்கர், ஸ்டார்ட்டிங் டீசல் என்றால் அதன் பேட்டரி, அதன் பிறகு டார்க் கன்வர்ட்டரின் ஆயில், கடைசியாகக் கிளட்ச் என்ற வரிசையில் பார்க்கலாம். மோட்டார் முழு மின்னோட்டம் இழுத்தும் ஷாஃப்ட் அசையவில்லை என்றால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். பிளேடு நுனி உறைக்குள் உரசிப் பிடித்திருக்கலாம், பேரிங் பிடித்திருக்கலாம். நெம்புகோல் கொண்டு வலிந்து திருப்புவது, அதுவரை சில லட்சங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலையை ரோட்டர் மாற்றும் வேலையாக ஆக்கிவிடும். உற்பத்தியாளரின் பொறியாளர் வரும்வரை மெஷினைத் தொடாமல் விட்டுவிட வேண்டிய சில இடங்களில் இது ஒன்று.

## அறிகுறி: சுழல்கிறது, தீ பிடிக்கவில்லை

மிச்ச எரிபொருளைக் காற்றால் வெளியேற்றும் பர்ஜ் முடிந்து, மெஷின் 10 முதல் 20 சதவீத வேகத்துக்குள் நிற்கும்போது எரிபொருள் திறந்து ஸ்பார்க் விழும். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் தீ தெரியாவிட்டால் கட்டுப்பாட்டு அமைப்பு தானே நிறுத்திவிடும். இங்கே முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான்: உண்மையிலேயே தீ பிடிக்கவில்லையா, அல்லது பிடித்த தீயை மெஷின் காணவில்லையா?

### எக்ஸாஸ்ட் வெப்பநிலை ஏறியிருந்தால்

டிரெண்டில் எக்ஸாஸ்ட் தெர்மோகப்புள்கள் (வெளியேறும் வாயுவின் வெப்பநிலையை அளக்கும் உணரிகள்) சட்டென்று ஏறத் தொடங்கி, பிறகு எரிபொருள் மூடியதும் இறங்கியிருந்தால், தீ பிடித்திருக்கிறது. புற ஊதாத் தீ உணரிகள்தான் அதைக் காணவில்லை. உணரியின் கண்ணாடியில் நீராவி படர்ந்திருப்பது மிகச் சாதாரணம், குறிப்பாகக் கம்ப்ரசரைக் கழுவிய மறுநாள். கழற்றி, பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பார்வைக் குழாயில் தேங்கிய நீரை வடித்துவிட்டால் பாதித் தடவை சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கேபிளின் இன்சுலேஷன், அடுத்து உணரியையே மாற்றுவது.

### எக்ஸாஸ்ட் வெப்பநிலை அசையாமல் இருந்தால்

உண்மையாகவே தீ பிடிக்கவில்லை. இதில் விலை குறைந்ததிலிருந்து தொடங்கினால், ஸ்பார்க் பிளக் முதலில் வரும். எரிபொருளை முழுவதும் தனிமைப்படுத்திய பிறகு பிளக்கை வெளியே எடுத்து, தரைக்கு இணைத்து ஸ்பார்க் விழுகிறதா என்று பார்க்கலாம். வெளுத்த நீலத்தில் தடித்து விழ வேண்டும், மஞ்சளாக மெலிந்து விழுந்தால் இக்னிஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்கலாம். அடுத்தது எரிவாயு அழுத்தம். ஃபில்டரை மாற்றிய பிறகு குழாயில் காற்று மிச்சமிருந்தால் முதல் முயற்சி தோற்பது இயல்பு. எரிவாயுவிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் நாக் அவுட் டிரம்மில் திரவம் சேர்ந்திருந்தால் அதை வடிக்காமல் இரண்டாம் முறை முயல்வது கூடாது. எரிவாயுவோடு போகும் திரவ ஹைட்ரோகார்பன் ஒரு கேனில் மட்டும் பொங்கி எரிந்து அதன் உட்சுவரான லைனரையே துளைத்துவிடும்.

இதற்குப் பிறகும் தீ பிடிக்காவிட்டால் வால்வுகளின் முறை. எரிவாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப் ரேஷியோ வால்வும், அளவைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் வால்வும் தீப்பற்றும் நிலைக்குரிய அளவு திறக்கின்றனவா என்பதை வால்வின் தண்டிலேயே கண்ணால் பார்த்துத் திரையில் காட்டும் சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு கேனில் தீ தெரிந்து எதிர்ப்பக்கக் கேன்களில் தெரியாவிட்டால், கேன்களுக்கு இடையே தீயைக் கடத்தும் கிராஸ்ஃபயர் குழாய் எங்கோ விலகியிருக்கிறது; அதற்கு மெஷினைத் திறந்தாக வேண்டும்.

### டீசல் போன்ற திரவ எரிபொருளில் தொடங்குகிறவர்களுக்கு

ஒரு முறை தீ பிடிக்காமல் போனால், தெளிக்கப்பட்ட எரிபொருள் உறையின் அடியில் இறங்கித் தானாகத் திறந்திருக்கும் வடிகால் வால்வு வழியே வெளியேற வேண்டும். நான் பணியாற்றிய நிலையம் ஒன்றில் அந்த வால்வின் வாயில் கரியும் துருவும் சேர்ந்து அடைத்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாம் முயற்சியில் தீ பிடித்தது. பிடித்த வேகத்தில் புகைபோக்கிக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு ஆரஞ்சுச் சுடர் எழுந்ததை முன்வாசல் காவலர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். எக்ஸாஸ்ட் தெர்மோகப்புள்கள் எல்லாம் எல்லையைத் தாண்டி, மெஷின் உடனே டிரிப் ஆனது. அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது: ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு ஒருவர் நேரில் போய், வடிகால் குழாயின் முனையில் எரிபொருள் சொட்டுவதைக் கண்ணால் பார்த்து, சொட்டு நின்ற பிறகே அடுத்த ஸ்டார்ட். ஒன்றுமே சொட்டவில்லை என்றால் நல்லது என்று பொருள் அல்ல. அடைத்திருக்கிறது என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு முயற்சிகள் தோற்றுவிட்டால் மூன்றாவதைக் கொடுக்காமல் காரணம் தேட வேண்டும்.

## அறிகுறி: எக்ஸாஸ்ட் வெப்பநிலைப் பரவல் கூடுகிறது

டர்பைனின் பின்பக்கம் வட்டமாக நிற்கும் 18 அல்லது 24 தெர்மோகப்புள்கள் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும். மிக அதிகமானதற்கும் மிகக் குறைவானதற்கும் உள்ள வேறுபாடே பரவல். அது எல்லையைத் தாண்டினால் அலாரம் வரும். மிகக் குளிர்ந்ததும் அதற்கடுத்துக் குளிர்ந்ததும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருந்தால் டிரிப் வரும். எந்த அறிகுறியையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் இருநூறு ரூபாய்த் திருகு ஒன்று தளர்ந்ததும், கோடிக்கணக்கில் விலையுள்ள முதல் கட்ட நாசில் எரிந்துகொண்டிருப்பதும் திரையில் ஒரேபோலத் தெரியும்.

### லோடு மாறினாலும் அதே எண்ணே குளிர்ச்சியாகக் காட்டினால்

எரிந்த வாயு டர்பைன் கட்டங்களைக் கடக்கும்போது சுழன்றபடியே பின்னால் வருகிறது. எவ்வளவு சுழல்கிறது என்பது லோடைப் பொறுத்தது. எனவே ஒரு கேனில் உண்மையான கோளாறு இருந்தால், லோடைக் குறைக்கும்போது குளிர்ந்த இடம் வட்டத்தில் சில எண்கள் நகரும். நகராமல் 7ஆம் எண்ணே எப்போதும் குளிர்ச்சி என்றால், குற்றவாளி 7ஆம் தெர்மோகப்புளோ அதன் கம்பியோதான். இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், பத்து மெகாவாட் இறக்கிப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் போதும். ஆனாலும் இதைச் செய்யாமலே லைனரைத் திறந்தவர்கள் உண்டு.

மெஷின் நின்றிருக்கும்போதோ, கட்டுப்பாட்டுப் பொறியாளரின் அனுமதியோடு குறைந்த லோடிலோ, ஜங்ஷன் பெட்டியைத் திறந்து முனைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும். வெப்பத்திலும் அதிர்விலும் திருகுகள் தளர்வது இயல்பு; கால் திருப்பு திரும்பினாலே அது தளர்ந்திருந்தது என்று கொள்ளலாம். பிறகு மல்டிமீட்டரில் மில்லிவோல்ட்டை அளக்கலாம். கே வகைத் தெர்மோகப்புள் 500 டிகிரியில், மறுமுனை 30 டிகிரியாக இருக்கும்போது, சுமார் 19.4 மில்லிவோல்ட் தர வேண்டும். பக்கத்துத் தெர்மோகப்புள் அந்த அளவைத் தந்து இது 16 தந்தால் தெர்மோகப்புளை மாற்ற வேண்டும். இரண்டும் சமமாகத் தந்தும் திரையில் ஒன்று குறைவாகக் காட்டினால் கேபிளையோ உள்ளீட்டு அட்டையையோ பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு தெர்மோகப்புள் கெட்டிருப்பது தெரிந்தும், அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது எல்லா நிலையங்களிலும் உள்ள பழக்கம். அதன் பக்கத்து எண்ணும் கெட்டுப்போகும் நாள் வரை அது பாதகமில்லாமல் இருக்கும். அன்றைக்குத்தான் முழு லோடில் டிரிப் விழும்.

### குளிர்ந்த இடம் லோடோடு நகர்ந்தால்

கோளாறு எரிதலில் இருக்கிறது. உற்பத்தியாளர் தரும் சுழல் கோண அட்டவணையைக் கொண்டு எந்தக் கேன் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அட்டவணை இல்லாவிட்டால், முன்பு ஏதேனும் ஒரு கேனில் கோளாறு கண்டபோது எந்தத் தெர்மோகப்புள் குளிர்ந்தது என்ற பழைய பதிவு அதற்கு ஈடாக உதவும். எரிவாயுவில் ஓடினால் அந்தக் கேனின் எரிபொருள் நாசில் துளைகளில் குழாய்த் துருவோ வெல்டிங் கசடோ அடைத்திருக்கலாம். திரவ எரிபொருள் என்றால், ஒவ்வொரு நாசிலின் அழுத்தத்தையும் வரிசையாகக் காட்டும் தேர்வு வால்வைத் திருப்பித் திருப்பி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடலாம்: ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிக அழுத்தம் காட்டினால் நாசில் அடைப்பு, குறைவாகக் காட்டினால் செக் வால்வோ, கேன்களுக்கு எரிபொருளைச் சமமாகப் பங்கிடும் ஃப்ளோ டிவைடரோ. இரண்டு எரிபொருளிலும் ஓடக்கூடிய மெஷின் மாதக்கணக்கில் எரிவாயுவிலேயே ஓடும்போது, பயன்படாத டீசல் செக் வால்வுக்குள் வெந்து கரியாகிவிடும். டீசலுக்கு மாற்றிய அன்றுதான் அது தெரியவரும். வாரம் ஒருமுறை சில நிமிடம் எரிபொருளை மாற்றி ஓட்டுவதற்கு இதுவே காரணம்.

### பரவல் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சீராக ஏறிக்கொண்டே போனால்

எரிபொருள் நாசில் அடைப்பு இல்லையென்று உறுதியானால், லைனர் விரிசல், கேனிலிருந்து வாயுவை டர்பைனுக்குக் கொண்டுசெல்லும் டிரான்சிஷன் பீஸின் சீல் விலகல் என்று விலை ஏறும். எல்லைக்குள் இருக்கிறது என்பதை நம்பி ஓட்டக்கூடாத கட்டம் இது. உடைந்த லைனர்த் துண்டு கழன்றால் நேரே முதல் கட்ட நாசிலில் போய் அடிக்கும். லோடை முறையாகக் குறைத்து நிறுத்தி, போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் குழல் கேமரா) விட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தைப் படிக்கப் பழகிய கண் நிலையத்தில் இல்லையென்றால் வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். எரிவாயுவில் ஓடும் இவ்வகை மெஷின்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இடைவெளி, எரிகலன் பரிசோதனைக்கு 8,000 மணி நேரம், சூடான பாதைப் பரிசோதனைக்கு 24,000, முழு ஓவர்ஹாலுக்கு 48,000. பரவல் சீராக ஏறும்போது அடுத்த பரிசோதனைக்கு இன்னும் 2,000 மணி நேரம் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டியதில்லை.

## அறிகுறி: வைப்ரேஷன் அலாரம் அல்லது டிரிப்

பேரிங் உறையில் பொருத்திய உணரிகளில் அலாரம் நொடிக்கு 12.7 மில்லிமீட்டரிலும் டிரிப் 25.4 மில்லிமீட்டரிலும் வைக்கப்பட்டிருப்பது இவ்வகை மெஷின்களில் வழக்கம். எண்ணைவிட வரைபடத்தின் வடிவம் அதிகம் சொல்லும் என்பதால், டிரெண்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

### ஊசி ஊசியாக ஏறி இறங்கினால்

ஒரே பேரிங்கில் உள்ள இரண்டு உணரிகளில் ஒன்று மட்டும் குத்தலாக ஏறி மறு நொடியே இறங்கினால், இரும்பு அவ்வளவு விரைவாக ஆடி அடங்காது. கனெக்டரில் ஆயில் புகுந்திருக்கும், கேபிளின் ஷீல்டு தரையிலிருந்து விடுபட்டிருக்கும், அல்லது உணரியைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். கனமழைக்குப் பிறகு ஜங்ஷன் பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு விரல் உயரம் தண்ணீர் நிற்கும். கேபிள் நுழையும் கிளாண்டை இறுக்கிச் சீல் செய்து, பெட்டியின் அடியில் வடிகால் துளை போட்டுவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் நிம்மதி.

### ஸ்டார்ட்டில் மட்டும் ஏறினால்

அதிர்வு இயல்பாகவே பெருகும் கிரிட்டிகல் வேகத்தைக் கடக்கும்போது ஏறி இறங்குவது இயல்பு. முந்தைய ஸ்டார்ட்களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் புதிதா பழையதா என்பது தெரிந்துவிடும். புதிது என்றால், கடைசியாக நின்றபோது, ரோட்டரை மெல்லச் சுழற்றும் பாரிங் கியர் எவ்வளவு நேரம் இடைவிடாமல் ஓடியது என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். சூடான ரோட்டர் சில நிமிடம் அசையாமல் நின்றாலே மேற்பகுதி அதிகம் சூடாகி வில்போல வளையும். அதை வேகமாகச் சுழற்றி நேராக்க முயல்வது தவறு. திரும்பவும் மெல்லச் சுழல விட்டு, சில மணி நேரம் கழித்து முயன்றால் பெரும்பாலும் தானே நேராகிவிடும். லியூப் ஆயில் போதிய அளவு சூடாகாமல் கெட்டியாக இருப்பதும் இதே அறிகுறியைக் காட்டும். அதைச் சரிபார்க்க வெப்பமானியை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

### படி ஏறியதுபோல ஒரே கணத்தில் ஏறி அங்கேயே நின்றால்

எடை ஏதோ ஒன்று ரோட்டரை விட்டுப் போயிருக்கிறது. பிளேடின் ஒரு துண்டு, ஒரு சமன்செய் எடை, எதுவாகவும் இருக்கலாம். எல்லா உணரிகளும் ஒரே நேரத்தில் ஏறியிருந்தால் ஐயமே வேண்டாம். இதற்குப் பிறகு ஒருமுறை ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கலாமே என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு மூத்த அதிகாரியாக இருந்தாலும், எழுத்தில் கேட்பது நல்லது. கம்ப்ரசர், டர்பைன் இரண்டிலும் போரோஸ்கோப் விட்டுப் பார்த்த பிறகே மெஷினைச் சுழற்ற வேண்டும்.

வாரக்கணக்கில் மெல்ல ஏறும் வைப்ரேஷனுக்கு அவசரம் குறைவு. ஃபவுண்டேஷன் போல்ட்டுகள், கப்ளிங், கியர்பாக்ஸ் சீரமைவு என்று போகும் அந்தத் தேடலுக்குக் கட்டக் கோணம் அளக்கும் கருவியோடு வரும் நிபுணர் தேவை. அவர் வருவதற்கு முன் மூன்று மாத டிரெண்டையும் ஆயில் வெப்பநிலையையும் எடுத்து வைத்தால் அவருடைய ஒரு நாள் மிச்சமாகும்.

## அறிகுறி: டிரிப் இல்லை, ஆனால் லோடு ஏறவில்லை

முதல் காரணம் வானம். இந்த மெஷின்களின் பெயர்த் தகட்டு அளவு 15 டிகிரி காற்றுக்கு எழுதப்பட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 முதல் 0.7 சதவீதம் குறையும். 40 டிகிரி வெயிலில் 30 மெகாவாட் மெஷின் 25 தந்தால் அதில் குறை ஒன்றுமில்லை. எனவே பிற்பகல் அளவைக் காலை அளவோடு ஒப்பிட்டுக் கவலைப்படாமல், வெப்பநிலைத் திருத்தம் செய்த பிறகே பேச வேண்டும்.

திருத்தத்துக்குப் பிறகும் குறைந்தால், நுழைவுக் காற்று ஃபில்டரின் அழுத்த வேறுபாட்டைப் பார்க்கலாம். மழைக்கால இரவுகளில் காகித ஃபில்டர் ஈரத்தில் உப்பி, விடியற்காலையில் வேறுபாடு ஏறி, வெயில் வந்ததும் இறங்கும். அதற்காகப் புது ஃபில்டர் வாங்க வேண்டாம். இறங்காமலே நின்றால், ஃபில்டர் வீட்டின் அடியில் போய் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஃபில்டரின் தூசியை உதறும் பல்ஸ் காற்று ஒவ்வொரு வரிசைக்கும் முறை வைத்து ‘டப்’, ‘டப்’ என்று அடிக்கும். ஒரு முறை வரும்போது சத்தம் வராமல் ‘புஸ்’ என்று மட்டும் கேட்டால் அந்த வரிசையின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, ஒன்றுமே கேட்காவிட்டால் சொலினாய்டு எரிந்திருக்கிறது. எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தால் மாற்ற வேண்டிய வால்வுகளின் பட்டியல் தயார்.

ஃபில்டர் சரியென்றால் நுழைவு வழிகாட்டிப் பிளேடுகள் முழுவதும் திறந்திருக்கின்றனவா என்பதை, திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல், மெஷின் மேலுள்ள கோண அளவுகோலில் பார்க்க வேண்டும். பிளீட் வால்வு முழுவதும் மூடாமல் கசிந்தால் அதன் குழாய் தொட முடியாத சூட்டில் இருக்கும்; கையை வைக்காமல் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டிப் பார்க்கலாம். எக்ஸாஸ்ட் தெர்மோகப்புள் சில, உண்மைக்கு மேலாகக் காட்டத் தொடங்கினால், சராசரி ஏறி, கட்டுப்பாட்டு அமைப்பு எரிபொருளைக் குறைத்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் கம்ப்ரசர் அழுக்கு. அதே காற்று வெப்பநிலையில், அதே வழிகாட்டிக் கோணத்தில், வெளியேற்ற அழுத்தம் பழைய பதிவைவிடக் குறைந்திருந்தால் அதுவே சான்று. டர்பைன் உண்டாக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் கம்ப்ரசருக்கே போவதால், அதன் பிளேடில் படியும் மெல்லிய படலம்கூட மெகாவாட்டில் தெரியும். நிறுத்திக் கழுவுவதற்கு முன் வீல்ஸ்பேஸ் (டர்பைன் சக்கரங்களை ஒட்டிய இடைவெளி) வெப்பநிலைக்கும் கழுவும் நீருக்கும் வேறுபாடு 67 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. அவசரப்பட்டுக் கழுவினால் விரிசலை விலை கொடுத்து வாங்குகிறோம். பேரிங் சீல் காற்றுக் குழாய்களை மூடி, தீ உணரிகளைத் தனிமைப்படுத்தி, கனிமம் நீக்கிய நீரோடு கழுவுநீர்மத்தைத் தெளித்து ஊற விட வேண்டும். வடிகாலில் முதலில் வரும் நீர் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும். அதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள்: அடியில் மண் படிந்தால் ஃபில்டர் வீட்டில் எங்கோ ஓட்டை, மேலே ஆயில் மிதந்தால் முதல் பேரிங்கின் சீல் கசிகிறது. ஆயில் கசிவை அடைக்காமல் எத்தனை முறை கழுவினாலும் பத்து நாளில் பழைய நிலைக்கே வரும், ஏனெனில் ஒட்டும் ஆயில்தான் தூசியைப் பிடித்து வைக்கிறது.

கழுவிய பிறகும் மீளாத இழப்பு, பிளேடு அரிப்பையோ டர்பைன் பக்கத்து இடைவெளி அகன்றதையோ குறிக்கும். அதை ஓவர்ஹாலில் மட்டுமே மீட்க முடியும். அதுவரை ஒரு திறன் சோதனையை முறைப்படி நடத்தி எண்ணைப் பதிந்து வைத்தால் போதும்.

## அறிகுறி: லோடு ஊசலாடுகிறது

முதலில் ஃப்ரீக்வென்சி மீட்டரைப் பார்க்க வேண்டும். கிரிட் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையான வரம்பைத் தாண்டி ஆடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் லோடை ஆட்டுவது அதன் கடமை. கிரிட் அசையாமல் மெஷின் மட்டும் ஆடினால் எரிவாயு அழுத்தத்தின் டிரெண்டு, அதன்பின் கண்ட்ரோல் வால்வின் நிலை உணரி, கடைசியில் வால்வை ஆயில் அழுத்தத்தால் நகர்த்தும் சர்வோ என்ற வரிசை. சர்வோவின் உள்ளே உள்ள துளைகள் மிக நுண்ணியவை. ஹைட்ராலிக் ஆயில் பழசாகி வார்னிஷ் படிந்தால் வால்வு ஒட்டி ஒட்டி விடும். சர்வோவை நிலையத்திலேயே பிரித்துச் சுத்தம் செய்ய முயலாமல், கையிருப்பில் உள்ளதைப் போட்டு அளவுத்திருத்தம் செய்து, பழையதைப் பழுதுபார்க்கும் மையத்துக்கு அனுப்புவதே மேல். சர்வோவை மாற்றியும் மூன்று மாதத்தில் மறுபடி ஒட்டினால் கோளாறு ஆயிலில் இருக்கிறது.

## அறிகுறி: வீல்ஸ்பேஸ் வெப்பநிலை கூடுகிறது

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தெர்மோகப்புள்கள் இருக்கும். ஒன்று மட்டும் கூடினால், கடைசிப் பரிசோதனையின்போது அதைச் சரியான ஆழத்துக்குத் தள்ளாமல் விட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து கூடினால் குளிர்விப்புக் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது சீல் தேய்ந்திருக்கலாம். இரண்டாவது காரணத்துக்கு உற்பத்தியாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி: லியூப் ஆயில் அழுத்தம் குறைகிறது

ஓடும்போது மெல்லக் குறைந்தால் ஃபில்டரின் அழுத்த வேறுபாட்டைப் பார்த்து, மாற்று ஃபில்டருக்குத் திருப்பலாம். திருப்பும் முன் அது ஆயிலால் நிரம்பிக் காற்று வெளியேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு நொடிக் காற்றுக் குமிழே டிரிப் தந்துவிடும். ஃபில்டர் சரியென்றால் டேங்க் மட்டம், ரிலீஃப் வால்வு, வெளிக்கசிவு, பம்ப் என்று போக வேண்டும். டிரான்ஸ்மிட்டர் காட்டுவதை ஹெட்டரில் உள்ள கேஜோடு ஒப்பிடுவதை எப்போதும் முதலில் செய்துவிடலாம்.

உண்மையான ஆபத்து, மெஷின் டிரிப் ஆகி, நிலையத்துக்குள்ளேயே மின்சாரமும் போன அந்த அரை மணி நேரம்தான். பிரதான பம்ப் வேகமிழந்து, ஏ.சி. பம்புக்கு மின்சாரமில்லாமல், ரோட்டர் தன் வேகத்தில் இறங்கி வரும்போது பேரிங்குகளைக் காப்பது 125 வோல்ட் பேட்டரியில் ஓடும் டி.சி. பம்ப் ஒன்றே. வாராந்தரச் சோதனையில் பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது போதாது, ஏ.சி. பம்பை நிறுத்தி, அழுத்தம் விழும்போது அழுத்த சுவிட்ச் தானே டி.சி. பம்பைத் தொடங்குகிறதா, தொடங்கிய பின் பேட்டரியின் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். வாரா வாரம் எழுதிய அந்த எண் திடீரென இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாக இறங்கினால், செல் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, பலவீனமான செல்லை அந்த வாரமே மாற்ற வேண்டும். ரோட்டர் ஒருமுறை ஆயில் இல்லாமல் இறங்கி நின்றுவிட்டால், பேரிங்குகளைத் திறந்து உட்பூச்சான வெள்ளை உலோகத்தைக் கண்ணால் பார்க்காமல் அதை மறுபடி சுழற்றக்கூடாது, பாரிங் கியரில்கூட.